வெள்ளணுக்களும் உடலின் எரிபொருளும்

காசநோய்க்கு அரபு மொழியில் 'ஸில்' என்று பெயர். வாளை உறையினின்று உருவுதலையும், ஒரு பொருளை அதன் இருப்பிடத்திலிருந்து மெல்ல, ஓசையின்றி வெளியே இழுத்தலையும் குறிக்கும் 'ஸல்ல' என்னும் வினையே இச்சொல்லுக்கு அடி. வடமொழியார் இதனை 'க்ஷயம்' என்றனர்; தேய்வு என்பது பொருள். நம் முன்னோர் 'எலும்புருக்கி' என்றனர். ஆங்கிலேயரும் நெடுங்காலம் உடலைத் தின்று தீர்க்கும் நோய் என்னும் பொருளில் 'கன்சம்ப்ஷன்' என்றே இதனை அழைத்தனர். இன்று நாம் வழங்கும் 'காசம்' என்னும் சொல் இருமலைக் குறிப்பது என்பது உண்மையே. ஆயினும், இத்தனை மொழியினர் இருமலையும் இரத்தத்தையும் விடுத்து, உடல் இளைத்தலையே இந்நோயின் முதல் அடையாளமாகக் கொண்டது நம் சிந்தனைக்குரியது. உருவி எடுக்கப்படும் அந்தத் தசை எங்கே செல்கிறது? அதனை எடுப்பவர் யார்?

இவ்வினா நமக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. நமது கல்லூரி விடுதி மாணவர் ஒருவர், குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்தவர், மூன்று வாரங்களுக்கும் மேலாக இருமிக் கொண்டிருந்தார். மழைக்காலச் சளி என்று நாமும் வாளாவிருந்தோம். அதிகாலைப் பாடத்தில் ஓதும்போது அவருக்கு மூச்சு இடையிடையே அறுந்ததைக் கண்டபின்னரே மருத்துவரிடம் அனுப்பினோம். சளிப் பரிசோதனை காசநோயை உறுதி செய்தது. நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதுவதற்கு முன் அவரை எடைப் பலகையில் நிறுத்தினார். உயரம் 165 சென்டிமீட்டர். எடை 42 கிலோ. "இவர் என்ன சாப்பிடுகிறார்?" என்பதே மருத்துவர் நம்மிடம் கேட்ட முதல் கேள்வி. விடுதியின் பொறுப்பில் இருக்கும் நம்மால் உடனே விடைகூற இயலவில்லை. அவ்வெட்கமே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

உண்ட உணவு உடலில் ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாறுவதைத் தமிழில் வளர்சிதைமாற்றம் என்கிறோம். தற்கால அரபு அறிவியல் நூல்களில் இதற்கு 'அல்-அய்ள்' என்பது ஒரு சொல். திரும்புதல், வேறொரு நிலையை எய்துதல் என்பது இதன் வேர்ப்பொருள். தொடக்க வகுப்பு மாணவர்களும் அறிந்த 'அய்ளன்' (மேலும்) என்னும் சொல் இவ்வேரில் பிறந்ததே. அரிசி தசையாகிறது, தசை மீண்டும் எரிபொருளாகிறது. சொல் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

இனி வெள்ளணுக்களை நோக்குவோம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருப்பது இயல்பு. அவற்றுள் பெரும்பகுதி நியூட்ரோபில் என்னும் வகை. நம் எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைப் புதிதாக ஆக்குகிறது. அவை நெடுநாள் வாழ்வதில்லை. நோயற்றிருக்கும்போதே இவ்வளவு செலவு. நோய் வந்துவிட்டால் உற்பத்தி பன்மடங்கு பெருகும். படை என்று இவற்றை உவமிப்பது வழக்கம். படைக்கு ஆயுதத்தைப் பற்றிப் பேசுவோர் பலர்; அடுப்பைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

அவ்வடுப்பின் இயல்பை நாஞ்சில் நாட்டார் எளிதில் விளங்கிக்கொள்வர். பத்தாயத்தில் உள்ள நெல்லை எவரும் அப்படியே உண்பதில்லை. குத்தி, உலையிலிட்டுச் சோறாக்க வேண்டும். குளுக்கோஸ் என்னும் சர்க்கரை பத்தாயத்து நெல். அணுக்கள் நேரடியாகச் செலவிடும் சோறு, ஏடிபி என்னும் மூலக்கூறு. குளுக்கோஸை ஏடிபியாக மாற்றுவதற்கு இரண்டு அடுப்புகள் உள்ளன. ஒன்று, உயிர்வளி இன்றியே குளுக்கோஸை உடைப்பது. தென்னோலை எரிவதுபோல் சட்டென்று பற்றும். ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு ஏடிபியே மிஞ்சும். மற்றொன்று, மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில் உயிர்வளியைக் கொண்டு முற்றிலும் எரிப்பது. புளியங்கட்டை போல் நின்று எரிந்து, ஏறத்தாழ 30 ஏடிபி வரை தரும். கொழுப்பையும் இவ்வடுப்பில் எரிக்கலாம்.

சிக்கனம் கருதினால் எல்லா அணுக்களும் இரண்டாம் அடுப்பையே நாட வேண்டும். நியூட்ரோபில் அவ்வாறு செய்வதில்லை. அதற்கு மைட்டோகாண்ட்ரியா மிகக் குறைவு. காயம்பட்டுச் சீழ்பிடித்த இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உயிர்வளி அருகியிருக்கும். அங்கு சென்று பணியாற்ற வேண்டிய அணு, உயிர்வளியை நம்பியிருக்க இயலாது. எனவே அது ஓலை அடுப்பையே கொண்டு செல்கிறது. கிளைக்கோஜன் என்னும் வடிவில் சிறிது சர்க்கரையைக் கட்டுச்சோறாகத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

இவ்வுண்மை எளிதில் வெளிப்பட்டதன்று. 1933இல் பால்ட்ரிட்ஜ், ஜெரார்டு என்னும் இருவர், வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கும்போது மிகுதியாக உயிர்வளியை உறிஞ்சுவதைக் கண்டனர். விழுங்குவதற்கான ஆற்றலுக்கே இவ்வுயிர்வளி என்று கருதுவது இயல்பு. 1959இல் ஸ்பாரா, கார்னோவ்ஸ்கி ஆகியோர் சயனைடு போன்ற நஞ்சுகளால் மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சை நிறுத்திப் பார்த்தனர். வெள்ளணுக்கள் அப்போதும் விழுங்கின. சர்க்கரை உடையும் முதல் அடுப்பை அணைத்தபோதோ விழுங்குதல் நின்றது. அவ்வாறாயின் உறிஞ்சிய உயிர்வளி எதற்கு? கிருமியைக் கொல்லும் நஞ்சு காய்ச்சுவதற்கு! குளுக்கோஸின் ஒரு பகுதி பக்கவழியொன்றில் சென்று என்ஏடிபிஎச் என்னும் பொருளைத் தருகிறது. அது உயிர்வளியைச் சூப்பராக்சைடு என்னும் வீரியமிக்க பொருளாக மாற்ற உதவுகிறது. ஆக, சர்க்கரை இவ்வணுக்களுக்கு உணவு மட்டுமன்று, ஆயுதத்தின் மூலப்பொருளும் ஆகும்.

காசநோயில் முன்னிற்பவை வேறு இரு வகை அணுக்கள். நுரையீரலின் காற்றறைகளில் காவல் புரியும் மேக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கணு, கிருமியை விழுங்கிவிடும். ஆனால் இக்கிருமி அதன் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கக் கற்றது. 1882 மார்ச் 24ஆம் நாள் ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்த அதே கிருமிதான். அவ்வாண்டிலேயே, ஒரு காலத்தில் அரபுக் கல்வி தழைத்த சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில், நட்சத்திர மீனின் இளவுயிரியில் முள்ளைச் செருகி, விழுங்கும் அணுக்கள் அதனைச் சூழ்வதை மெச்னிகோவ் கண்டார். உள்ளே குடியேறிய கிருமியை அடக்க வேண்டுமெனில் டி அணுக்கள் என்னும் நிணநீர் அணுக்கள் வந்து மேக்ரோபேஜை முடுக்க வேண்டும். முடுக்கப்பட்ட மேக்ரோபேஜ் தன் அடுப்பை மாற்றிக்கொண்டு சர்க்கரையை வேகமாக உடைக்கத் தொடங்குகிறது. டி அணுவின் நிலையோ இன்னும் வியப்புக்குரியது. ஓய்வில் இருக்கும்போது சிற்றுண்ணி. தனக்குரிய எதிரியை அறிந்துகொண்டதும், மேற்பரப்பில் குளுக்கோஸ் நுழையும் வாயில்களைப் பெருக்கி, சில நாள்களில் ஒன்று ஆயிரமாகப் பல்கும். அப்பெருக்கத்துக்கு ஆற்றல் மட்டும் போதாது. புதிய அணுக்களைக் கட்டுவதற்குரிய பொருளும் வேண்டும். போர் முடிந்தபின் எஞ்சும் நினைவு அணுக்கள் மீண்டும் கட்டை அடுப்புக்கே திரும்பி, சிக்கனமாக ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன.

இச்செலவுக்கு வருவாய் எங்கிருந்து? நோயாளிக்குப் பசி இல்லை. காய்ச்சல் ஒரு செல்சியஸ் பாகை உயர்ந்தால் உடலின் ஆற்றல் செலவு ஏறத்தாழ பத்து விழுக்காடோ அதற்குச் சற்று மேலோ கூடுகிறது. இருப்பு கரைந்தாக வேண்டும். மேக்ரோபேஜ்கள் சுரக்கும் டிஎன்எஃப் என்னும் புரதம் பசியை மட்டுப்படுத்துவதோடு, கொழுப்பையும் தசையையும் கரைக்கத் தூண்டுகிறது. உடலை உருக்குவதால் 'கேக்கெக்டின்' என்று முன்னர்ப் பெயரிடப்பட்டிருந்த பொருளும் இதுவும் ஒன்றே என்பது 1985இல் தெளிவாயிற்று. தசை கரையும்போது குளுட்டமின் என்னும் அமினோ அமிலம் பெருமளவில் இரத்தத்தில் கலக்கிறது. நிணநீர் அணுக்களும் மேக்ரோபேஜ்களும் குளுக்கோஸுக்கு அடுத்தபடி விரும்பி எரிப்பது இக்குளுட்டமினையே என்பதை ஆக்ஸ்ஃபோர்டில் எரிக் நியூஸ்ஹோம் குழுவினர் 1980களில் காட்டினர்.

நம் முதல் வினாவுக்கு விடை இங்கே உள்ளது. தசையை உருவி எடுப்பது கிருமி மட்டுமன்று. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களும், அவற்றின் கட்டளையும்தாம் அதனை உருவுகின்றன. வெளியிலிருந்து சோறு வாராதபோது படை தன் வீட்டின் உத்திரத்தைப் பிடுங்கி எரிக்கிறது. சில நாள் நோய்க்கு இந்த ஏற்பாடு போதும். மாதக்கணக்கில் நீளும் காசநோயில் உத்திரமும் தீர்ந்துபோகும். அதன்பின் படையும் சோரும்.

இப்னு ஸீனா முதலிய மருத்துவர்கள் 'அல்-ஹராரத்துல் கரீஸிய்யா' என்னும் உள்வெப்பத்தைப் பற்றி விரிவாகப் பேசினர். அது உடலின் ஈரத்தை, விளக்கு எண்ணெயைக் குடிப்பதுபோல் குடித்து நிற்பது என்றனர். இதனை மைட்டோகாண்ட்ரியாவுக்கு முன்னறிவிப்பு என்று கூறி மகிழ்வோர் நம்மிடையே உண்டு. நாம் அவர்களோடு உடன்படவில்லை. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அவர்கள் வெள்ளணுவைக் கண்டதில்லை. நோயாளியின் உடல் எதையோ எரித்து நிற்கிறது என்று கூர்ந்து நோக்கியதே அவர்களுடைய பெருமை. அதற்குமேல் ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இருப்புக் குறைந்த உடலில் டி அணுக்கள் தயங்குவதற்கு வேறொரு காரணமும் அறியப்பட்டுள்ளது. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் சுரப்பைக் கொழுப்புத் திசு வெளியிடுகிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். பட்டினியிட்ட எலிகளில் டி அணுக்களின் செயல் தளர்ந்ததும், லெப்டினைச் செலுத்தியபோது அது மீண்டதும் 1998இல் நிறுவப்பட்டன. பத்தாயம் காலி என்னும் செய்தி அணுவரைக்கும் எட்டுகிறது போலும்.

மருந்து கண்டறியப்படாத நாளில், இந்த நுட்பங்கள் ஏதும் அறியாமலேயே, மருத்துவர்கள் செய்தது என்ன? நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இயங்கும் இடம், முன்னர்க் காசநோய் மருத்துவமனை இருந்த இடம். சென்னையை அடுத்த தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கியதும் அவ்வகை நிலையமே. 'சானடோரியம்' என்னும் பெயர் அங்கு இரயில் நிலையத்துக்கே வழங்கலாயிற்று. தூய காற்று, ஓய்வு, பால், முட்டை, இறைச்சி என்பனவே அந்நிலையங்களின் மருத்துவம். வெள்ளணுக்களின் செலவைக் குறைத்து வரவைக் கூட்டும் ஏற்பாடு என்று இன்றைய மொழியில் இதனைக் கூறலாம். பலர் பிழைத்தனர்; பலர் பிழைக்கவில்லை. உணவு மட்டுமே கிருமியை வெல்லும் என்று எண்ணுதல் பிழை.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. நோயாளருள் ஒரு சாராரை நல்லுணவும் படுக்கையும் கொண்ட சானடோரியத்திலும், மறு சாராரை நெருக்கடியான தம் ஏழ்மை இல்லங்களிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். சானடோரியத்தார் கூடுதலாக உண்டனர். கூடுதலாக எடை ஏறினர். ஆயினும் நோய் தணிந்ததில் இரு சாராருக்கும் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவை அடைத்தது. இலட்சக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்து பெற வழி பிறந்தது; அந்நன்மையை மறத்தல் கூடாது. ஆனால் அதிலிருந்து, காசநோயாளிக்கு உணவு ஒரு பொருட்டன்று என்னும் எண்ணமும் பரவிற்று. ஆய்வு கூறியது அதுவன்று. வலிய மருந்து கிருமியைக் கொல்லுமிடத்து உணவின் குறை குணமாதலைத் தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் மிக நலிந்தவர்கள் இறப்பதைப் பற்றியும், அதே வீட்டில் அதே குறையுணவை உண்ணும் மற்றவர்களின் வெள்ளணுக்கள் கிருமியை அடக்கி வைக்குமா என்பதைப் பற்றியும் அதனைக் கொண்டு முடிவு கூற இயலாது.

இவ்விரு வினாக்களுக்கும் விடை காண அறுபது ஆண்டுகள் கடந்தன. மங்களூரு ஏனப்போயா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அனுராக் பார்கவா தலைமையில், சென்னை நிறுவனமும் இணைந்து, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 'ரேஷன்ஸ்' என்னும் ஆய்வை 2019 முதல் 2022 வரை நடத்தினர். 2,800 நோயாளிகளுக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவர்களுடைய குடும்பத்தார் 10,345 பேருள் ஒரு பிரிவினருக்கு மட்டும் அரிசியும் பருப்பும் கொண்ட கூடுதல் பொதி வீட்டுக்கு வந்தது. 2023இல் முடிவுகள் வெளியாயின. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர் தொகை, பெறாத குடும்பங்களைவிட 39 விழுக்காடு குறைவு. நோயாளிகளுள் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடையில் ஐந்து விழுக்காடு ஏறியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்தது. குடும்பத்தாருக்குத் தடுப்பூசியோ புதிய மருந்தோ இல்லை, அரிசியும் பருப்பும்தாம்.

தமிழகத்தில் 2022 முதல் நடைபெறும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இவ்வுண்மையையே வேறு வழியில் கையாள்கிறது. புதிய நோயாளி ஒவ்வொருவருக்கும் எடை, உயரம், மூச்சின் வேகம், இரத்தத்தில் உயிர்வளி, துணையின்றி நிற்க இயலுமா என்பன பார்க்கப்படுகின்றன. மிக மெலிந்தவர்கள் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். நம் மாணவரை எடைப் பலகையில் நிறுத்தியதன் காரணம் நமக்குப் பின்னரே விளங்கியது. நோயாளியின் உணவுக்காக மைய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது.

இங்கு வாசகர் ஒரு வினா எழுப்பலாம். வெள்ளணுவுக்குச் சர்க்கரை வேண்டுமெனில், நீரிழிவாளரின் இரத்தத்தில்தான் அது நிரம்பி வழிகிறதே. அவரன்றோ நோய்க்கு அஞ்சாதவராய் இருத்தல் வேண்டும்? உண்மை நேர்மாறானது. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு மிகுதி; காலில் பட்ட சிறு புண் ஆறாமல் அழுகுவதையும் நாம் காண்கிறோம். மிகுந்த சர்க்கரை வேறொரு வழியில் சார்பிட்டால் என்னும் பொருளாக மாறுகிறது. அம்மாற்றம், நஞ்சு காய்ச்சுவதற்கென இருந்த என்ஏடிபிஎச்சைத் தின்றுவிடுகிறது. இன்சுலின் குறைவால் வெள்ளணுக்களின் சர்க்கரைப் பயன்பாடும் சீர்குலைகிறது. அவை மெல்ல நகர்கின்றன, அரைகுறையாக விழுங்குகின்றன. வெள்ளம் வந்த வயலில் நெல் விளைவதில்லை. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோயைத் தமிழக அரசு மே மாதத்தில் அறிவிக்கத்தக்க நோயாக்க நேர்ந்ததே. அதற்கு இரையானவர்களுள் பெரும்பாலோர் கட்டுக்கடங்கா நீரிழிவு உடையவர்கள். நம் மாவட்டத்துப் பெரியவர்களுள் இரு நோயும் ஒருங்கே உடையவர் பலர். காசநோய்க்கு நல்லுணவு என்பதை அவர்கள் இனிப்பும் பொரிப்பும் என்று கொள்ளாமல், மீன், முட்டை, பயறு என்று கொள்ளுதல் நலம்.

மாணவரின் சிகிச்சையில் நான்காம் மாதம் ரமளான் பிறந்தது. தோழர்கள் முன் உண்ண நாணி அவர் நோன்பு நோற்க விரும்பினார். நலமுடையோர்க்கு ஒரு பகல் நோன்பு வெள்ளணுக்களை முடக்குவதில்லை. கல்லீரலின் கிளைக்கோஜனும் பின்னர்க் கொழுப்பும் கைகொடுக்கின்றன. குறுகிய பட்டினியின்போது மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் குறைவதும், கிருமி வந்தால் எழும் ஆற்றலை அவை இழப்பதில்லை என்பதும் 2019இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டப்பட்டன. (இத்தகைய ஆய்வுகளைக் கொண்டு நோன்பின் மேன்மையை மேடைதோறும் நிறுவ முயல்வது தேவையற்றது என்பது நம் கருத்து. வணக்கம் ஆய்வுக்கூடத்தின் சான்றிதழை வேண்டி நிற்பதன்று.) தசையையே எரித்துக்கொண்டிருப்பவரின் நிலை வேறு. நோயாளி வேறு நாள்களில் நோற்கலாம் என்னும் 'ருக்ஸத்'தை அவருக்கே அவர் ஓதிய ஃபிக்ஹு நூலிலிருந்து எடுத்துக் காட்டினோம். மதிய உணவு அவருக்கு நம் அறையில் வந்தது. முதல் நாள் நம் முகத்தைப் பார்க்காமல் உண்டார்.

ஆறாம் மாத முடிவில் அவருடைய எடை 50 கிலோ. அவருடைய வீட்டில் தாயும் இரு தங்கையரும் உள்ளனர். அவர்களையும் சோதித்தனர், நோய் இல்லை. மூத்த தங்கையின் எடை மட்டும் குறைவாயிருந்தது. விடுதியில் இப்போது காலைக் கஞ்சியோடு சிறுபயறு உண்டு. வாரத்தில் மூன்று நாள் சாளை மீன் வாங்குகிறோம், விலை ஏறும் நாள்களில் முட்டை. சமையலறை வாயிலில் எடைப் பலகை ஒன்று வைத்து, மாதத்தின் முதல் வியாழன்று மாணவர்கள் அனைவரையும் நிறுத்தி எழுதிக்கொள்கிறோம். சென்ற மாதம் இருவருக்கு எடை இறங்கியிருந்தது. ஒருவர் பரீட்சைக்காக உறக்கம் விடுத்தவர். மற்றவரை மருத்துவரிடம் அனுப்பியுள்ளோம்.